சண்டைக்காரர்களை அடுத்தடுத்து வைக்காத அலமாரி

அமெரிக்காவின் கன்ட்ரி பாடகர்கள் ஒவ்வொருவரும் யாரை, எதற்காக விவாகரத்து செய்தார்கள் என்பதைப் பக்க எண்ணோடு சொல்லக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் யாங்கூனில், போட்டாதாங்கில், நாங்கள் முன்பு குடியிருந்த கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருக்கிறார். வாழ்நாளில் அவர் போன மிகத் தொலைவான ஊர், பக்கத்திலேயே இருக்கும் கியாக்தான். அங்கேயும் ஆற்று நடுவே இருக்கும் புத்தர் கோயிலைப் பார்த்துவிட்டு மாலை பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார்.

எங்களுக்கு அவர் டாலி மாமா. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறித்துக்கொள்கிறவருக்கு டாலி கிளார்க் என்று பெயர். அந்த வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய உண்மையான பெயரை மின்சார பில்லில் ஒரு தடவை பார்த்தேன். அந்தப் பெயரில் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

கன்ட்ரி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: அது அமெரிக்கக் கிராமத்துப் பாட்டு. கிட்டார், பிடில், ரயில், லாரி, மழை, விட்டுவிட்டுப் போன பெண் ஆகியவை அதில் கட்டாயம் உண்டு. யாங்கூனில் அதற்கு நல்ல மரியாதை. அதே பாணியில் பர்மிய மொழியில் பாடுகிறவர்கள் டீக்கடைக்கு ஒருவராவது இருப்பார்கள்.

டாலி மாமா பாடுகிறவர் இல்லை. கேட்கிறவரும் இல்லை. அவர் கன்ட்ரியைப் படிப்பவர். அந்த இசையின் வரலாறு, பாடகர்களின் வாழ்க்கைக் கதைகள், அவர்களை ஏமாற்றிய மேனேஜர்கள் எழுதிய சுயசரிதைகள் என்று எழுபத்து மூன்று ஆங்கிலப் புத்தகங்கள் வைத்திருந்தார். வீட்டில் ரேடியோ கிடையாது. நான் ஒருமுறை போனில் ஒரு பாட்டை எடுத்து, "கேக்குறீங்களா மாமா?" என்று நீட்டினேன்.

"வேணாம் பாப்பா. அதைப் படிச்சிட்டேன்."

பாட்டு என்பது மூன்று நிமிஷம், அந்த மூன்று நிமிஷத்துக்காக ஒருவன் முப்பது வருஷம் அவதிப்பட்டிருக்கிறான், இரண்டில் எது பெரிது என்று நீயே சொல் என்றார். நான் செல்போன் கோபுரங்களுக்கான நெட்வொர்க் இன்ஜினீயர். எதையும் பட்டியல் போட்டுப் பார்க்கிறவள். இரண்டு பத்திகள் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரியாகத்தான் வந்தது.

முதல் புத்தகத்தை அவருக்குக் கொடுத்தது ஒரு சரக்குக் கப்பலின் சமையற்காரர். மற்றவை பான்சோடான் தெருவின் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. அவர் ஆங்கிலம் கற்றதே இந்தப் புத்தகங்களில்தான். அதனால் அவருடைய ஆங்கிலத்தில் துயரம் சற்றுத் தூக்கலாக இருக்கும். போட்டாதாங் புத்தர் கோயிலுக்கு வழி கேட்ட வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவரிடம், நேரே போகும்படியும், போகிற வழியில் யாரையும் நம்ப வேண்டாம் என்றும், வீட்டில் இருப்பவர்களுக்கு இன்றைக்கே கடிதம் எழுதிவிடும்படியும் சொல்லி அனுப்பினார். அந்த அம்மாள் கோயிலுக்குப் போகாமல் டாக்சி பிடித்து ஓட்டலுக்குத் திரும்பிவிட்டார்.

யாங்கூனில் மாடி வீடுகளின் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். கீழ் நுனியில் கிளிப், மேலே ஒரு மணி. பேப்பர் போடுகிறவர் கிளிப்பில் பேப்பரை மாட்டி இழுத்தால் மேலே மணி அடிக்கும், நாம் இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். டாலி மாமாவின் கயிறு நூலகமாகவும் வேலை செய்தது. கீழே நின்று மணி அடித்து, எந்த மாதிரிக் கதை வேண்டும் என்று கத்தினால், பிளாஸ்டிக் பையில் புத்தகம் இறங்கி வரும். திருப்பித் தருவதற்குத்தான் கயிறு கிடையாது. நேரில் வந்து, கதையை அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். சொல்லத் தெரியாதவர்கள் மறுபடி எடுத்துக்கொண்டு போக வேண்டும். என் அம்மா ஒரு பிடில்காரனின் வாழ்க்கையை மூன்று தடவை எடுத்துப் போனாள். கடைசியில் அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு வந்தாள். அதுவும் கதை சொன்ன மாதிரிதான் என்று மாமா ஏற்றுக்கொண்டார்.

அந்தப் பாடகர்களைப் பற்றி அவர் பேசும்போது அடுத்த தெருவில் இருக்கிறவர்களைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். இதனால் ஒரு பெரிய காரியம் நடந்துவிட்டது. ஒரு நாள் மாமா மாடிப்படியில் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். நான்காம் மாடி டோ கின் என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறார். டோ கின் அம்மாள், மொஹிங்கா என்ற மீன்குழம்புச் சேமியா விற்கும் கடை வைத்திருப்பவர். யார் வீட்டுத் துக்கத்தையும் தன் வீட்டுத் துக்கமாக எடுத்துக்கொள்வார். "போயிட்டான். பஸ் கவிழ்ந்து போயிட்டான். சின்ன வயசு" என்று மாமா பர்மிய மொழியில் சொன்னார். டோ கின் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அமெரிக்காவில் இருக்கும் தம்பி என்று தாமே முடிவு செய்து கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டார். ஏழாம் நாள் ஐந்து பிக்குகளை அழைத்து, கோழிக் குழம்போடு சாப்பாடு போட்டார். புண்ணியத்தைப் பகிர்ந்து கொடுக்கும் நேரத்தில் இறந்தவர் பெயரைக் கேட்டார்கள். மாமா தயங்காமல் ஒரு அமெரிக்கப் பெயரைச் சொன்னார். பெரிய பிக்கு அதை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு, பிறகு தம்மால் முடிந்த அளவுக்குச் சொன்னார்.

அந்தப் பாடகர் இறந்தது டோ கின் பிறப்பதற்கும் முன்னால் என்று பிற்பாடு தெரிய வந்தது. எல்லோரும் டோ கின் என்ன சொல்லப்போகிறார் என்று பயந்தோம். "பரவாயில்லை. இத்தனை வருஷமா அந்தப் பிள்ளைக்கு யாரும் செய்யலையே" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

இப்படிச் செத்துப்போனவருக்குக்கூடச் சோறு போட வைத்த மனிதர், உயிரோடு இருந்த ஒருவரிடம் மட்டும் நான்கு வருஷமாகப் பேசவில்லை. அவர் இரண்டாம் மாடி ஊ சேன். அம்மா தமிழ், அப்பா பர்மியர். மாலை நேரங்களில் லத்தா வட்டாரத்தில் நெருப்பில் சுட்ட மீன் விற்கும் தெருவில், மேஜை மேஜையாகக் கிட்டார் வாசித்துக் கன்ட்ரி பாடுகிறவர். ஒரு காலத்தில் இருவரும் கீழே டீக்கடையில் ஒரே மேஜையில் உட்காருவார்கள். ஊ சேன் பாட்டைச் சொல்வார், மாமா அதன் பின்கதையைச் சொல்வார். நாங்கள் அந்தக் கட்டடத்துக்குக் குடிவந்தபோது இருவரும் அதே கடையில், முதுகுக்கு முதுகு வைத்து உட்கார்ந்து, ஒருவர் டீயை இன்னொருவர் பார்க்காமல் குடித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் அவர்களுக்கென்றே அந்த இரண்டு முக்காலிகளையும் அப்படிப் போட்டு வைப்பார்.

காரணம் எனக்கு அப்போது தெரியாது. மழைதான் தெரிவித்தது.

ஒரு ஜூலையில் ஐந்தாம் மாடிக் கூரை ஒழுகியது. எழுபத்து மூன்று புத்தகங்களும் மூன்றாம் மாடியில் எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்தன. பத்து நாள் என் கட்டிலைச் சுற்றி அவை இருந்தன. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எண், தலைப்பு, எழுதியவர், அட்டையின் நிலை, கரையான் உண்டா இல்லையா என்று கணினியில் ஒரு பட்டியல் போட்டேன். கூரை சரியானதும் எழுதியவர் பெயரின் அகரவரிசைப்படி அலமாரியில் அடுக்கிக் கொடுத்தேன். மாமா நன்றி சொன்னார். முகம் சரியில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டினார். தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

"பாப்பா, நீ படிச்ச பொண்ணு. உன் மேல தப்பு சொல்லல. ஆனா வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். ஒரு பாடகியின் சிவப்பு அட்டைப் புத்தகத்தைக் காட்டினார். "இவ புருஷன் இவளைக் கைக்குழந்தையோட விட்டுட்டு ஓடினவன். பேசி இருபது வருஷம் ஆச்சு. நீ அவனைக் கொண்டுவந்து இவளை ஒட்டி வச்சிருக்கே. ராத்திரி பூரா அந்தப் பொம்பளை எப்படி இருந்திருப்பா?"

அதற்கு மேல் தட்டில் ஒரு பாடகரின் தலைக்கு நேர் மேலே அவரை மொட்டையடித்த மேனேஜர் உட்கார்ந்திருந்தார். அகரவரிசைக்கு மனிதாபிமானம் கிடையாது என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

அவருடைய அடுக்கு முறை இதுதான்: சண்டை போட்டவர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக் கூடாது. கடைசிக் காலத்தில் சமாதானம் ஆனவர்கள் கட்டாயம் சேர்ந்து இருக்க வேண்டும். யாருக்கும் கெடுதல் செய்யாத ஒரு பாஞ்சோ வாத்தியக்காரரை, சந்தேகம் உள்ள இடங்களில் எல்லாம் நடுவில் நிறுத்தியிருந்தார். ஒரே ஆள் என்பதால் அவரை அடிக்கடி இடம் மாற்ற வேண்டியிருந்தது. நான் என் பட்டியலில் புதிதாக ஒரு பத்தி சேர்த்தேன். அதன் தலைப்பு: 'யாரோடு பேச்சு இல்லை.' இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதை நிரப்பினோம்.

நாற்பத்தொன்றாம் எண்ணில்தான் நின்றோம். ரயில் பாட்டுகள் பற்றிய தடித்த புத்தகம். நான் அடுக்கிய அலமாரியிலிருந்து அதை மட்டும் மாமா எடுத்துவிட்டிருந்தார். பிளாஸ்டிக் தாளில் சுற்றி, சமையலறை மீட்சேஃப் அலமாரியின் மேல், முதுகைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

"இது யாரோட பேசல மாமா?"

"என்னோட," என்றார்.

அது ஊ சேனின் புத்தகம். அவரிடம் இருந்த ஒரே ஆங்கிலப் புத்தகம். அட்டையில் இருந்த கிட்டாருக்காக வாங்கியது. அதை மாமா இரவல் வாங்கிய வாரத்தில்தான் ஊ சேனின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. விருந்தில் ஊ சேன் கிட்டாரை எடுத்து, பழைய ரயில் பாட்டு ஒன்றைப் பாடப்போவதாகச் சொன்னார். இதைக் கட்டிய மனிதர் ரயில் டிரைவர், என் அம்மாவைப் பெற்ற தாத்தா மாதிரி, இந்தப் பாட்டை என் பெண்ணுக்காக அவர் சார்பில் பாடுகிறேன் என்றார். சபை உருகியது. மாமா எழுந்தார்.

"டிரைவர் இல்ல. டிக்கெட் வாங்காம சரக்கு ரயில்ல ஏறி ஓடினவன். போலீஸ் தேடுச்சு. நூத்திப் பன்னிரண்டாம் பக்கம்."

மாப்பிள்ளை வீட்டார் இதைத் தாத்தாவைப் பற்றிய தகவல் என்று எடுத்துக்கொண்டார்கள். ஊ சேனின் தாத்தா யாங்கூனுக்கும் மாண்டலேக்கும் இடையே முப்பது வருஷம் சீருடை போட்டு வண்டி ஓட்டியவர். சம்பந்தி அம்மாள் மூன்று நாள் கழித்து மெதுவாக, குடும்பத்தில் வேறு யாராவது போலீசில் மாட்டியிருக்கிறார்களா என்று விசாரித்தார். கல்யாணத்தில் ஊ சேன் அந்தப் பாட்டைப் பாடாமலே கிட்டாரை உறைக்குள் போட்டுவிட்டார்.

"தப்பைத் தப்புன்னு சொன்னேன்," என்றார் மாமா. புத்தகத்தை மறுபடி தாளில் சுற்றிக்கொண்டே, "அன்னிக்குச் சொல்லியிருக்க வேணாம்," என்றார். இதைச் சொல்ல அவருக்கு நான்கு வருஷம் ஆகியிருந்தது. சொன்னதும் என்னிடம்தான், ஊ சேனிடம் இல்லை.

இரண்டு வாரம் கழித்து டோ கின் செய்தி கொண்டுவந்தார். ஊ சேன் மெல்பர்னில் இருக்கும் மகளிடம் போகிறார். நிரந்தரமாக. ஞாயிற்றுக்கிழமை விமானம். அன்று புதன்.

அன்று மாலை மாமா என்னைக் கூப்பிட்டு, நாற்பத்தொன்றாம் எண்ணைக் கையில் கொடுத்து, இரண்டாம் மாடியில் சேர்த்துவிடச் சொன்னார். சாதாரணக் குரலில்தான் சொன்னார். ஆனால் புத்தகத்தைச் சுற்றியிருந்த தாள் புதிதாக இருந்தது.

ஊ சேன் வீட்டில் பெட்டிகள் திறந்து கிடந்தன. புத்தகத்தைப் பார்த்தார். கை நீட்டவில்லை. பர்மிய வழக்கப்படி என் பெயருக்கு முன்னால் 'மா' சேர்த்துக் கூப்பிட்டார்.

"மா கோமதி, புஸ்தகம் வந்திருக்கு. கதை எங்கே?"

"அவர் கொடுத்துட்டு வரச் சொன்னார்."

"இரவல் வாங்கினா கதை சொல்லித்தான் திருப்பணும். யார் போட்ட சட்டம்? நானா போட்டேன்?"

மேலே ஏறினேன். மாமாவால் இதை மறுக்க முடியவில்லை, சட்டம் அவருடையது. சரி, அவனை மேலே வரச் சொல், சொல்கிறேன் என்றார். கீழே இறங்கினேன். எனக்கு முழங்கால் வலி, கடன் வாங்கியவர்தான் வர வேண்டும் என்றார் ஊ சேன். மேலே ஏறினேன். எனக்கும் முழங்கால் வலிதான், அவனைவிட எட்டு வயசு மூத்தவன் என்றார் மாமா. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இரண்டாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே ஐம்பத்து நான்கு படிகள். வியாழக்கிழமை இரவுக்குள் முழங்கால் வலி மூன்று பேருக்கு ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை உட்கார்ந்து யோசித்தேன். என் வேலையில் இது தினமும் வரும் கோளாறுதான். இரண்டு முனைகளும் நன்றாக இருக்கின்றன, நடுவில் இணைப்பு இல்லை. ஆளை அனுப்புவதில் பயன் இல்லை, கேபிள் இழுக்க வேண்டும். பால்கனிக்குப் போனேன். கேபிள் என் மூக்குக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்தாம் மாடியில் தொடங்கி, டோ கின் வீட்டையும் எங்கள் வீட்டையும் தாண்டி, ஊ சேனின் பால்கனியை உரசிக்கொண்டு தெருவுக்கு இறங்கும் அதே கயிறு.

மாமாவிடம் சொன்னேன்: உங்கள் பால்கனியில் நின்று கதையைச் சொல்லுங்கள். அவர் தன் பால்கனியில் நின்று கேட்கட்டும். முடிந்ததும் புத்தகத்தை இறக்குங்கள். யாரும் படி ஏற வேண்டாம், யாரும் படி இறங்கவும் வேண்டாம்.

"தெருவே கேக்குமே பாப்பா."

"அன்னிக்கும் சபையே கேட்டுச்சு இல்லையா மாமா?"

 மாமா போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

மாலை ஐந்து மணி. அன்று கரண்ட் இருந்ததால் தெருவில் ஜெனரேட்டர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தன. மாமா கையில் புத்தகம் இல்லாமல் நின்றார். ஊ சேன் இரண்டாம் மாடிப் பால்கனியில், தலையைத் தூக்கிப் பார்க்காமல் நின்றார். பாதி தமிழிலும் பாதி பர்மிய மொழியிலும் மாமா ஆரம்பித்தார். எப்படி முதல் தண்டவாளம் போட்டவர்கள் பாடிக்கொண்டே போட்டார்கள், எப்படி ரயில் சத்தத்தைக் கிட்டாரில் கொண்டுவந்தார்கள் என்று சொல்லச் சொல்ல, எதிர்ப்பக்கப் பால்கனிகளிலும் ஆட்கள் வந்துவிட்டார்கள். டீக்கடைக்காரர் அடுப்பைத் தணித்தார். டோ கின் இடுப்பில் கையை வைத்து, யாராவது சாகும் இடம் வந்தால் முன்கூட்டியே சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

கதை அந்த மனிதரிடம் வந்தது. எனக்குப் பக்க எண் தெரியும். கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்தப் பாட்டைக் கட்டினவன்," என்று நிறுத்தினார் மாமா. "ரயில் டிரைவர். சீருடை போட்ட டிரைவர். நம்ம சேனோட தாத்தா மாதிரி."

 எழுபத்து மூன்று புத்தகங்களில் ஒரு கால்புள்ளியைக்கூட விட்டுக்கொடுக்காத மனிதர், ஐந்தாம் மாடியில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி, தெரிந்தே தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊ சேன் மெதுவாகத் தலையை நிமிர்த்தினார்.

"தப்பு," என்றார். "டிரைவர் இல்ல. சரக்கு ரயில்ல டிக்கெட் இல்லாம ஏறினவன். நூத்திப் பன்னிரண்டாம் பக்கம்." பிறகு, "நாலு வருஷமா அந்த நம்பர்தான் என் காதுல இருக்கு அண்ணே," என்றார்.

நான்கு வருஷத்தில் முதல் 'அண்ணே' அதுதான். மாமா கைப்பிடிச் சுவரைத் தடவினார்.

"அப்படியா?" என்றார். "நான் அந்தப் பக்கம் படிக்கல சேன்."

அவர் வாழ்க்கையில் சொன்ன மிகப் பெரிய பொய் அதுதான் என்று என்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியும்.

புத்தகம் பிளாஸ்டிக் பையில் என் முகத்துக்கு முன்னால் இறங்கிப் போனது. ஊ சேன் அதை எடுத்து, பக்கம் எதையும் திறக்காமல், சற்று நேரம் வைத்திருந்தார். உள்ளே போனார். கிட்டாரோடு வந்தார்.

"அண்ணே, அன்னிக்குப் பாடாத பாட்டு. வேணுமா? இல்ல, படிச்சிட்டீங்களா?"

மாமா சுவருக்கு வெளியே தலையை நீட்டினார். "சத்தமாப் பாடு," என்றார். "அஞ்சாம் மாடி."

மூன்று நிமிஷம் இருக்கும். மாமா கண்ணை மூடிக்கொண்டு நின்று முழுக்கக் கேட்டார். முடிந்ததும், புத்தகத்தில் இருக்கிறதைவிடக் கொஞ்சம் நீளம் என்றார். ஊ சேன் கயிற்றை இழுத்து மணி அடித்தார். கிளிப்பில் நாற்பத்தொன்றாம் எண் மறுபடி மாட்டியிருந்தது. பெட்டியில் இடம் இல்லை, அண்ணனே வைத்துக்கொள்ளட்டும் என்றார். அந்தப் புத்தகத்துக்கு மட்டும் பெட்டியில் இடம் இல்லாமல் போனதை நாங்கள் யாரும் விசாரிக்கவில்லை. சனிக்கிழமை காலை டீக்கடைக்காரர் இரண்டு முக்காலிகளையும் திருப்பிப் போட்டிருந்தார். ஒரே ஒரு நாளைக்குத்தான் அவை தேவைப்பட்டன.

சென்ற வருஷம் நானும் வேலை மாற்றத்தால் அந்தக் கட்டடத்தை விட்டு வந்துவிட்டேன். போன மாதம் மாமாவைப் பார்க்கப் போயிருந்தேன். அவர் டீ போடப் போன நேரத்தில், பழக்க தோஷம், அலமாரியைச் சரிபார்த்தேன். நாற்பத்தொன்று மேல் தட்டில், முதுகு வெளியே தெரிய நின்றது. அதன் இடது பக்கம், துறைமுகத்தில் மாமா மூட்டை எண்ணிய பழைய டாலி நோட்டு ஒன்று. அதற்கும் இடது பக்கம், நான் அச்சடித்துக் கொடுத்த புத்தகப் பட்டியல், அட்டை போட்டு, நூலால் தைத்து, முதுகில் பேனாவால் 'பாப்பா' என்று எழுதி நின்றது. பாஞ்சோக்காரர் நடுவில் இல்லை. அவரை வேறு எங்கோ வேலைக்கு அனுப்பியிருந்தார்.

வீட்டுக்கு வந்து கணினியில் பட்டியலைத் திறந்து எழுபத்து நான்காவது வரியைச் சேர்த்தேன். தலைப்பு, பாப்பா. அட்டையின் நிலை, நன்று. கரையான் இல்லை. 'யாரோடு பேச்சு இல்லை' என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன்.